கம்பெனியிடம் பணம் இல்லை, முதலாளியிடம் இருக்கிறது: சம்பளக் கோரிக்கைச் சேவைக்கு மூன்றரை நட்சத்திரம்

சிங்கப்பூரில் சம்பளம் வராமல் நிற்பவர்கள் போகும் கோரிக்கைச் சேவைக்கு மொத்தத்தில் மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். பிரித்துச் சொன்னால் பேச்சுவார்த்தைக்கு நாலரை, நடுவர் மன்றத்துக்கு நாலு, தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு பணத்தை வசூலிக்கும் கட்டத்துக்கு ரெண்டு. அந்த ரெண்டுக்குக் காரணம் அங்கே வேலை பார்ப்பவர்கள் இல்லை, அவர்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடையாது. சட்டமே அப்படித்தான் இருக்கிறது: கடன்பட்டது கம்பெனி, கம்பெனியை நடத்துகிற ஆள் வேறு. சம்பளம் வராமல் நிற்பவருக்கு இது கண்கட்டு வித்தை மாதிரிதான் தெரியும், ஏனென்றால் அவரை வேலைக்கு வைத்ததும் அந்த ஆள்தான், தாமதமாக வந்தால் திட்டியதும் அந்த ஆள்தான், "அடுத்த வாரம் போட்டுடறேன்மா" என்று மாதக்கணக்கில் சொன்னதும் அந்த ஆள்தான்.

நான் ரெண்டு கோரிக்கைகளைக் கூடவே இருந்து பார்த்தேன். ஒன்று என் சித்தி மகளுடையது. கல்யாண அலங்காரம், பந்திச் சாப்பாடு எல்லாம் எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு, பில், டெலிவரி அட்டவணை என்று எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று என் வீட்டுக்காரரோடு ஜொகூரில் படித்த நண்பருடையது. தினமும் விடிவதற்கு முன்னால் பாலம் தாண்டி வந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போட்டவர். ரெண்டு முதலாளிகளும் நம் ஆட்கள்தான். பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

சேவை என்று நான் சொல்வது இதைத்தான். 2017 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் சம்பளத் தகராறு என்றால் முதலில் டிஏடிஎம் போக வேண்டும். மனிதவள அமைச்சு, தொழிற்சங்கக் காங்கிரஸ், முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் சேர்ந்து வைத்திருக்கும் அமைப்பு அது. சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கு இருந்தால் வீட்டிலிருந்தே கோரிக்கையைப் பதியலாம். மத்தியஸ்தர் ஒருவர் முன்னால் ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சு முறிந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து நாலு வாரத்துக்குள் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றங்களின் நடுவர் மன்றத்தில், எல்லோரும் இசிடி என்று சொல்கிறார்களே அங்கே, வழக்குப் போடலாம். டிஏடிஎம்மைத் தாண்டி நேராக இசிடிக்குப் போக வழியில்லை. இசிடியில் யாருக்கும் வக்கீல் கிடையாது, உங்களுக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. எனக்கு இந்தச் சேவையிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான். தொடங்கியபோது வைத்த உச்சவரம்பு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தொழிற்சங்கம் வழியாகப் போனால் 30,000.

கெடு ஒன்று இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கை போட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே போடுவதென்றால் கடந்த ஒரு வருடத்தில் வர வேண்டிய பணத்துக்கு மட்டும்தான் கேட்கலாம். சட்டப்படி சம்பளம் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கைக்கு வந்திருக்க வேண்டும், ஓவர்டைம் பதினாலு நாளுக்குள். ஏழாவது நாள் போய் எட்டாவது நாள் ஆனதுமே அது குற்றம். ஆனால் யார் எட்டாவது நாளில் புகார் கொடுக்கிறார்கள்? நம் ஆட்களிடம் வேலை பார்த்தால் இன்னும் மோசம். அண்ணே, அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய இடம், தீபாவளிக்குப் பலகாரப் பெட்டி கொடுத்த இடம், எப்படிப் போய்ப் புகார் கொடுப்பது என்று தயங்கித் தயங்கியே பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கெடுவைத் தாண்டிவிடும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த விமர்சனத்தை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். கோரிக்கைப் படிவத்தில் எதிர்த்தரப்பு யார் என்று எழுத வேண்டிய இடம் வரும். அங்கே கடைப் பலகையில் இருக்கும் பெயரை எழுதினால் போதாது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு மனிதரா, கம்பெனியா என்று பார்க்க வேண்டும். அதற்கு முதல் துப்பு யுஇஎன் எண்ணிலேயே, அதாவது கடைக்கோ கம்பெனிக்கோ கொடுக்கும் பதிவு எண்ணிலேயே இருக்கிறது. கடை ரசீதின் அடியிலோ சம்பளச் சீட்டிலோ பாருங்கள். எட்டு எண்களும் கடைசியில் ஒரு எழுத்தும் இருந்தால் அது தனி உரிமையாளர் கடையோ பங்காளிகள் கடையோ. நாலு இலக்க வருடத்தில் தொடங்கி மொத்தம் ஒன்பது எண்களும் ஒரு எழுத்தும் இருந்தால் அது கம்பெனி, அந்த வருடம் கம்பெனி பதிவான வருடம். டி (T) என்ற எழுத்தில் தொடங்கி நடுவில் எல்எல் (LL) வந்தால் எல்எல்பி, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள பங்காளி நிறுவனம். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் 5.50 வெள்ளி கட்டினால் பிசினஸ் புரொஃபைல் கிடைக்கும். யார் உரிமையாளர், யார் டைரக்டர், எவ்வளவு முதல் போட்டிருக்கிறார்கள், கடை இன்னும் உயிரோடு இருக்கிறதா, எல்லாம் அதில் வந்துவிடும். வேலை இண்டர்வியூவுக்குப் போகும்போது எம்ஆர்டி விவரமெல்லாம் பார்த்துவைக்கிறோம், இதையும் பார்த்துவைக்கலாம்.

பரோட்டா நண்பரின் கடை ரசீதில் இருந்தது எட்டு எண்களும் ஒரு எழுத்தும். அதாவது தனி உரிமையாளர். சட்டத்தின் கண்ணில் கடை என்று தனியாக ஒன்று இல்லை, கடைக்காரர்தான் கடை. அவருடைய பிரச்சினை அடிப்படைச் சம்பளம் இல்லை, ஓவர்டைம். ஐபிஏ கடிதத்தில், அதாவது வேலை அனுமதிக்கு முன்னால் அமைச்சு தரும் ஒப்புதல் கடிதத்தில், போட்டிருந்த சம்பளம் மாதாமாதம் வந்தது, ஆனால் வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் நின்றதற்கு ஒரு காசு வரவில்லை. அவரைப் போல உடலுழைப்பு வேலை செய்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளி வரைக்கும் இருந்தால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுத்தாக வேண்டும். கடைக்காரர் வைத்திருந்த நேரக் கணக்கு என்று காட்டியது ஒரே பேனாவில் ஒரே நாளில் எழுதிய மாதிரி இருந்தது, எல்லா நாளும் சொல்லிவைத்தாற்போல ஏழு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போனதாக.

நண்பர் கொண்டுபோனது தினசரி காலண்டர் தாள்கள். அந்தக் கடையே வருடப் பிறப்புக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த காலண்டர். ராகு காலம், நல்ல நேரம் போட்ட பக்கத்துக்குப் பின்னால் தினமும் வந்த நேரம், போன நேரம், அன்றைக்கு எத்தனை கிலோ மாவு பிசைந்தார் என்பது வரைக்கும் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு மாதம் மாதமாகக் கட்டி வைத்திருந்தார். சில தாள்களில் எண்ணெய்க் கறை, சிலவற்றில் எழுத்தே கலங்கிப்போயிருந்தது. மத்தியஸ்தத்தில் கடைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்தார். "இவன் வீட்ல உக்காந்து எழுதிட்டு வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். வழக்கு இசிடிக்குப் போனது.

இசிடிக்கு நாலு நட்சத்திரம் ஏன் என்றால், அங்கே கேள்வி கேட்பது நடுவர்தான். சினிமாவில் பார்க்கிற குறுக்கு விசாரணை எதுவும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நண்பர் மலேசியத் தமிழில் வேகமாகப் பேச அவர் ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான் சிக்கல். நடுவர் காலண்டர்த் தாள்களை ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தார். கடைக்காரரிடம் அவர் கேட்டது எளிமையான கேள்வி: மூன்று மணிக்கு இவர் போய்விட்டால் ராத்திரி பரோட்டா யார் போட்டார்கள்? பதில் வரவில்லை. கேட்டதில் பெரும்பகுதிக்கு உத்தரவு கிடைத்தது. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது காத்திருப்புக்காக. ஜொகூரிலிருந்து வந்து போகிறவருக்கு ஒரு அமர்வு என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

உத்தரவில் இருந்தது கடைக்காரரின் சொந்தப் பெயர், கடைப் பெயர் அடைமொழியாக. அதைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். பணம் கட்டாவிட்டால் அமலாக்க ஆணை வாங்கலாம், அவர் வங்கிக் கணக்கை முடக்கலாம், கார் அவர் பெயரில் இருந்தால் அதையும் தொடலாம். கடைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று சொல்ல வழியே இல்லை. மொத்தமாக ஒரே தடவையில் போட்டுவிட்டார். இங்கே "முதலாளியைச் சொந்தமாகப் பொறுப்பாக்குவது" என்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அவர் ஏற்கெனவே பொறுப்புதான்.

என் சித்தி மகளின் கதை அப்படி இல்லை. அவளுடைய கம்பெனியின் எண் வருடத்தில் தொடங்கியது, பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட். புரொஃபைலை எடுத்துப் பார்த்தால் போட்ட முதல் 100 வெள்ளி. இங்கே ஒரு வெள்ளி முதலிலேயே கம்பெனி தொடங்கலாம், அதனால் அதில் ஒன்றும் தப்பு கிடையாது, ஆனால் லட்சக்கணக்கில் கல்யாணம் எடுத்துச் செய்யும் இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. சம்பளம் மாதம் 2,800 வெள்ளி. முதலில் பத்து நாள் தாமதம், அப்புறம் பாதி, அப்புறம் ஒன்றுமே இல்லை. மூன்று மாதம் பாக்கி நின்றது. இடையிடையே அவள் அழுது கேட்டபோதெல்லாம் முதலாளி தன் சொந்த பேநவ்விலிருந்து (போன் வழியாக வங்கிப் பணம் அனுப்பும் வசதி) 300, 500 என்று அனுப்பியிருந்தார்.

அவள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். சொந்தக் கணக்கிலிருந்து சம்பளம் போடுகிறார் என்றால் அவர்தானே என் முதலாளி, அவர் பெயரிலேயே வழக்குப் போடலாம் என்று. சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனபோது அங்கிருந்த வக்கீல் அந்த நினைப்பைத் தலையாட்டி மறுத்தார். வேலை ஒப்பந்தம் கம்பெனி பெயரில், சம்பளச் சீட்டு கம்பெனி பெயரில், சிபிஎஃப் என்ற கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பில் பணம் போட்டது கம்பெனி. பணம் எந்த பாக்கெட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் வைத்து ஆளை முதலாளியாக்க முடியாது.

மத்தியஸ்தத்தில் என்ன நடந்தது தெரியுமா? மனிதர் நேரே உட்கார்ந்து ரெண்டு விஷயம் சொன்னார். முதலாவது: "சம்பளம் கம்பெனி கொடுக்கணும், கம்பெனிகிட்ட இப்ப பணம் இல்ல, நான் என்ன பண்றது?" ரெண்டாவது: "நான் என் கைக்காசிலேர்ந்து இந்தப் பொண்ணுக்குக் கடன் கொடுத்திருக்கேன், அதை முதல்ல கழிக்கச் சொல்லுங்க." அந்த 300, 500 எல்லாம் இப்போது அவர் கொடுத்த கைமாற்றாம்! கொடுக்க வேண்டிய நேரத்தில் அவரும் கம்பெனியும் வேறு வேறு, கழிக்க வேண்டிய நேரத்தில் ரெண்டும் ஒன்று. எனக்குக் கோபம் வந்ததை விட, இதை இவர் யாரிடமோ கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறார் என்ற எண்ணம்தான் வந்தது. மத்தியஸ்தருக்கு நாலரை கொடுத்தது இந்த இடத்துக்காகத்தான். அவர் குரலை உயர்த்தவே இல்லை. வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு பேநவ்வுக்கும் கீழே முதலாளியே அனுப்பிய செய்தி இருந்தது: "சம்பளத்துல கொஞ்சம் அனுப்பியிருக்கேன்மா, மீதி வெள்ளிக்கிழமை." கைமாற்றுப் பேச்சு அதோடு முடிந்தது. பணத்தைக் கேட்பதானாலும் கொடுப்பதானாலும் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

சரி, கம்பெனி கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. கம்பெனியிடம் என்ன இருக்கிறது? சமையலறை வாடகை. நாற்காலி, மேசை, பந்தல் கம்பியெல்லாம் இன்னொருவரிடம் வாடகைக்கு எடுப்பது. வேன் ரெண்டும் தவணையில், அதாவது கடன் முடியும் வரைக்கும் ஃபைனான்ஸ் கம்பெனியுடையது. இதில் இன்னொன்று வேறு: ஒரு வேனின் பக்கவாட்டில் பழைய பெயரைச் சுரண்டியெடுத்த தடம் அப்படியே பிசுபிசுவென்று இருக்க, அதன் மேலேயே புதுப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதே போன் நம்பர், அதே முகவரி, பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாற்றம். புதுக் கம்பெனி! இசிடி உத்தரவு வாங்கி, அமலாக்க ஆணைக்குப் பணம் கட்டி, நீதிமன்ற அதிகாரி வந்து பழைய கம்பெனியின் சொத்தைத் தேடினால் ஒரு பிரிண்டரும் ரெண்டு ஃபேனும்தான் மிஞ்சும். வசூலுக்கு ரெண்டு நட்சத்திரம் என்று சொன்னது இதனால்தான்.

இந்தக் கட்டத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், இணையத்தில் தேடினாள். தேடினால் வருவதெல்லாம் வெளிநாட்டுச் சட்டம். கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டத்தின் 558.1 பிரிவு, சம்பள விதிகளை மீறக் காரணமான உரிமையாளர், டைரக்டர் மேல் நேரடியாகவே போக வழி விடுகிறது. நியூயார்க்கில் பங்குச் சந்தைக்கு வராத கம்பெனியின் பத்துப் பெரிய பங்குதாரர்கள் சம்பள பாக்கிக்குச் சொந்தமாகப் பொறுப்பு. கனடாவின் ஒன்டாரியோவில் ஆறு மாதச் சம்பளம் வரைக்கும் டைரக்டர்கள் பொறுப்பு. படிக்கப் படிக்க ஆசையாக இருக்கும். ஆனால் அதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு டிஏடிஎம் இருக்கும் பெண்டிமியர் சாலைக்குப் போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இங்கே சாதாரண சம்பள பாக்கிக்கு டைரக்டரின் சொந்தப் பணத்தைத் தொட அந்த மாதிரி நேர்வழி கிடையாது. என் பார்வையில் இது மாற வேண்டிய ஒன்று. குறைந்தபட்சம் 100 வெள்ளி முதலில் ஆள் வைத்து நடத்துகிறவர்களுக்காவது.

நேர்வழி இல்லை என்றால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. சம்பளம் கொடுக்காதது வேலைச் சட்டத்தின் கீழ் குற்றம், முதல் தடவைக்கு ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது ரெண்டும். மறுபடி செய்தால் இரட்டிப்பு. குற்றம் கம்பெனியுடையதாக இருந்தாலும் அது நடக்கக் காரணமான டைரக்டர் மேலும் வழக்குப் போடலாம், சிறைக்குக் கம்பெனியை அனுப்ப முடியாதே. ஆனால் ஒன்று, அந்த வழக்கைப் போடுவது அமைச்சு, நீங்கள் இல்லை, அபராதமும் அரசாங்கத்துக்குத்தான் போகும். அதனால் மிரட்டலாக மட்டும் நம்பி உட்காராதீர்கள். மத்தியஸ்தத்தில் "ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்" என்று நீங்களாகச் சத்தம் போடுவதும் வேண்டாம்.

சிபிஎஃப் தனி வழி. டிஏடிஎம்மில் சம்பளம் கேட்கலாம், விட்டுப்போன சிபிஎஃப்புக்கு சிபிஎஃப் வாரியத்திடம்தான் சொல்ல வேண்டும். என் சித்தி மகளின் ஒரு மாதச் சம்பளச் சீட்டில் அவள் பங்கைக் கழித்ததாகப் போட்டிருந்தது, செயலியில் பார்த்தால் அந்த மாதம் காலி. ஊழியர் பங்கைப் பிடித்துவைத்துக்கொண்டு வாரியத்தில் கட்டாமல் விடுவது வெறும் தாமதம் இல்லை, அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமும் ஏழு வருடம் வரை சிறையும் சட்டத்திலேயே இருக்கிறது, கட்டாத தொகைக்கு மாதம் 1.5 சதவீத வட்டி வேறு. அவள் புகார் போட்ட பிறகுதான் முதலாளி தானாகவே போன் செய்தார், அதுவரை நாங்கள் செய்தால்தான். "என்னம்மா, சிபிஎஃப் வரைக்குமா போவே? நான் ஓடியா போயிடுவேன்?" அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும்: "நீங்க ஓட மாட்டீங்க அண்ணே, கம்பெனிதான் ஓடுது."

கம்பெனியைக் கலைக்கக் கேட்பதும் ஒரு வழி. பாக்கி 15,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் முறைப்படி கோரிக்கைக் கடிதம் அனுப்பி, பணம் வராவிட்டால் கலைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போகலாம். கலைக்கும்போது சம்பளம் முன்னுரிமைக் கடன், மற்ற சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் ஒரு வரம்பு வரைக்கும் ஊழியர்களுக்குக் கிடைக்கும். திரும்பக் கொடுக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் கம்பெனி கடன் மேல் கடன் வாங்கியிருந்தால், அதற்கு உடந்தையானவர் சொந்தமாகக் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடவும் முடியும், 2018-இன் நொடிப்புச் சட்டத்தில் அதற்குப் பிரிவு இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவளுடைய 8,400 வெள்ளி அந்த 15,000-ஐ எட்டவே இல்லை, எட்டினாலும் வக்கீல் செலவும் டெபாசிட்டும் கட்டி இதைச் செய்ய யாரால் முடியும்? ஒரே இடத்தில் பத்து இருபது பேருக்குப் பாக்கி என்றால் சேர்ந்து யோசிக்கலாம். தனி ஆளுக்கு இது ஆகாது.

இன்னொரு சின்ன விஷயம், செலவில்லாதது. இந்த மாதிரி ஆட்கள் பழைய கம்பெனியை அக்ரா பதிவிலிருந்து சத்தமில்லாமல் நீக்கச் சொல்லி விண்ணப்பிப்பார்கள். அதற்கு அரசிதழில் அறிவிப்பு வரும், வந்து 60 நாளுக்குள் கடன்காரர் ஆட்சேபிக்கலாம். சம்பளம் வர வேண்டியவரும் கடன்காரர்தான். அதனால் புரொஃபைலில் கம்பெனியின் நிலை என்னவென்று அவ்வப்போது போய்ப் பாருங்கள்.

கடைசியில் என் சித்தி மகளுக்குக் கைகொடுத்தது அந்த இலவச ஆலோசனை வக்கீல் சொன்ன ஒரு வரிதான். கம்பெனி தவணை கேட்கும், கட்டாயம் கேட்கும், கேட்டால் உடனே சரி சொல்லாதே, தவணைக்கு ஒத்துக்கொள்கிறேன், ஆனால் "கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று டைரக்டர் சொந்தப் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும் என்று சொல். இன்னொருவர் கடனுக்கு நான் பொறுப்பு என்பதை வாயால் சொன்னால் இங்கே செல்லாது, எழுத்தில் இருக்க வேண்டும், பொறுப்பேற்பவர் கையெழுத்து இருக்க வேண்டும், சிவில் சட்டத்தில் அப்படி. ஆக "என் தலைய அடகு வெச்சாவது கொடுத்துடுவேன்" என்பதற்கெல்லாம் மதிப்பில்லை. டிஏடிஎம் ஒப்பந்தம் கம்பெனிக்கும் அவளுக்கும் இடையே. இந்த உத்தரவாதக் கடிதம் அதற்கு வெளியே, அந்த மனிதருக்கும் அவளுக்கும் இடையே. ஒப்பந்தத்தைக் கம்பெனி மீறினால் அதை நீதிமன்றத்தில் பதிந்து கம்பெனி மேல் போகலாம், கடிதத்தை மீறினால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அவர் மேலேயே போகலாம், அங்கே 60,000 வெள்ளி வரைக்கும் கேட்க முடியும்.

அவர் உடனே ஒத்துக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். "என்னை நம்பலியா?" என்றார், மனைவியைக் கேட்க வேண்டும் என்றார், கம்பெனி முத்திரையைப் போட்டுத் தருகிறேன் என்றார். முத்திரை வேண்டாம் அண்ணே, உங்க பேரும் அடையாள அட்டை நம்பரும் போதும் என்று இவள் அசையாமல் நின்றாள். தவணை இல்லாவிட்டால் இசிடி, இசிடி என்றால் அமைச்சின் கண்ணில் இன்னும் கொஞ்சம் பெரிதாகத் தெரிவோம், புதுக் கம்பெனிக்கு வெளிநாட்டு ஊழியர் எடுக்க வேண்டியிருக்கும், அதெல்லாம் அவர் கணக்குப் போட்டிருப்பார். ஒரு பக்கக் கடிதம், கீழே முழுப்பெயர், கையெழுத்து, அவருடைய மைத்துனர் சாட்சி. எதற்காகப் பொறுப்பேற்கிறார், எவ்வளவு தொகை, எந்தெந்தத் தேதி, எல்லாம் அதில் இருக்கிறது. "தவணை கொடுத்ததற்குப் பதிலாக" என்ற வார்த்தையை வக்கீல் விடாமல் சேர்க்கச் சொன்னார், சும்மா கொடுத்த வாக்குறுதி என்று பிறகு சொல்ல முடியாதபடிக்கு.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தங்குவிடுதிகளில் ஒரு பயம் இருக்கிறது, அதை முதலாளிகளும் வளர்த்துவிடுகிறார்கள். கோரிக்கை நடக்கும்போது தங்கியிருக்கவும், சரியான கோரிக்கை என்றால் வேறு வேலைக்கு மாறவும் அமைச்சில் ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு ஊழியர் நிலையம், ஹோம், டிடபிள்யூசி2 என்று வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகள் இருக்கின்றன, மூன்று இடத்திலும் படிவம் நிரப்புவதிலிருந்து உதவி கிடைக்கும். ஐபிஏ கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தமிழிலும் வந்திருக்கும், அதில் போட்ட சம்பளத்தை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குறைக்க முடியாது. உள்ளூர்க்காரர்களில் குறைந்த சம்பளக்காரர்களுக்குக் கம்பெனி நொடித்துப்போன சந்தர்ப்பத்தில் டிஏடிஎம் வழியாகக் குறுகியகால நிவாரண நிதியும் இருக்கிறது, முழு பாக்கிக்கும் ஈடாகாது, வாடகைக்கு உதவும்.

இந்தச் சேவையை யாருக்குச் சிபாரிசு செய்வேன் என்றால், தனி உரிமையாளர் கடையில் வேலை பார்த்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நட்சத்திரம். இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், பெயர் கெட்டுவிடும் என்று பயப்படும் கம்பெனி என்றால் நாலு. வேனில் ஸ்டிக்கர் மாற்ற ஆரம்பித்துவிட்ட கம்பெனி என்றால் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாமல் போங்கள், போகும்போதே உத்தரவாதக் கடிதம் மனதில் இருக்கட்டும். என் சித்தி மகளுக்கு முதல் ரெண்டு தவணை தேதி தவறாமல் வந்துவிட்டது, ரெண்டாவது வந்தது புதுக் கம்பெனியின் கணக்கிலிருந்து. மூன்றாவது இந்த மாதக் கடைசியில் வர வேண்டும். வராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்ற அனுபவத்துக்கும் நட்சத்திரம் போட்டு எழுதுகிறேன்.